ஸ்டெப் ஏற மாட்டேன் என்கிறதா? கோளாறு எங்கே என்று பிடிக்கும் வழி

ஸ்டெப் கவுண்டர் வைத்திருப்பவர்களின் புகார்கள் கேட்பதற்குப் பல விதமாக இருக்கும். "எண் தப்பாக வருகிறது", "மூவாயிரத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது", "இரண்டு வாரம் நடந்தேன், அப்புறம் விட்டுப்போச்சு", "குதிகால் வலிக்கிறது". கிளறிப் பார்த்தால் எல்லாம் மூன்று இடத்தில் வந்து நிற்கும். கருவி தப்பாக எண்ணுகிறது, இல்லையென்றால் உங்கள் நாள் நடக்க இடம் தரவில்லை, அதுவும் இல்லையென்றால் வைத்துக்கொண்ட டார்கெட் உங்களுக்குப் பொருந்தவில்லை. சோம்பேறி என்று நமக்கு நாமே பட்டம் சூட்டிக்கொள்வதெல்லாம் இந்த மூன்றையும் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

முதலில், நூறு அடி சோதனை

கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில், எப்போதும் நடக்கும் வேகத்தில், மனதுக்குள் எண்ணியபடி சரியாக 100 அடி, அதாவது 100 ஸ்டெப், நடங்கள். நின்று, அரை நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பல கருவிகள் எண்ணியதை உடனுக்குடன் காட்டாமல் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் திரைக்கு அனுப்பும். வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் கருவியின் மேல் குறையில்லை. ஒரு தடவையில் தீர்ப்பு எழுதிவிடாமல் மூன்று தடவை செய்யுங்கள்.

அப்புறம் இதே சோதனையை நீங்கள் நிஜமாக நடக்கும் விதங்களில் செய்து பாருங்கள். போன் பாக்கெட்டில் இருக்கும்போது, பையில் இருக்கும்போது, கையில் ஏதாவது சுமந்துகொண்டு போகும்போது. நான் செய்தபோது முன்பாக்கெட்டில் இருந்த போன் 98 காட்டியது. அதே போன் தொளதொளவென்று ஆடும் தோள்பைக்குள் 83. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்தபோது வாட்ச் 60-ஐத் தாண்டவில்லை. ஒரே கால், ஒரே வராண்டா.

காரணம் எளிது. கருவிக்கு உங்கள் கால் தெரியாது. உள்ளே இருக்கும் முடுக்கமானி மூன்று திசையிலும் வரும் அசைவை அளக்கிறது. அதில் நடைக்கே உரிய சீரான தாளம், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அதிர்வு, தென்பட்டால் அதை அடி என்று எடுத்துக்கொள்கிறது. பல கருவிகள் முதல் சில அடிகளை ஏற்றாமல் வைத்துக்கொண்டு காத்திருக்கும். தாளம் தொடர்ந்தால் அவற்றையும் சேர்த்து எண்ணும், நின்றுவிட்டால் விட்டுவிடும். கை ஆட்டுவதையும் பொருள் நகர்த்துவதையும் அடி என்று நினைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவே இரண்டு அடி, அலமாரிக்கு மூன்று அடி என்று ஒரு மணிநேரம் நின்று வேலை செய்தவருக்கு எண் அசையாமல் இருந்தால் ஆச்சரியமில்லை. கால் நோகும், கணக்கில் வராது.

அறிகுறி: நன்றாக நடந்தேன், வாட்ச் ஏற்றவே இல்லை

கை அசையாத நடை எதுவாக இருந்தாலும் வாட்சுக்கு அது பாதி நடைதான். ட்ராலி தள்ளுவது, குழந்தை வண்டி தள்ளுவது, ட்ரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது, குடை பிடிப்பது, இரண்டு கையிலும் பை. இந்த மாதிரி நேரத்தில் போனை முன்பாக்கெட்டில் போட்டுக்கொள்வதுதான் நேரான வழி. தொடை ஏமாற்றாது. வாட்சைக் கழற்றிக் கணுக்காலில் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. வாட்சின் கணிப்பு மணிக்கட்டுக்காக எழுதப்பட்டது என்பதால், அப்படிச் செய்தால் நூறு அடி சோதனையை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் வேகம். மெதுவாக, காலை இழுத்து நடக்கும்போது அதிர்வு மிகவும் சிறியதாக இருக்கும். கருவி அதை நடையில் சேராத வெற்று அசைவு என்று ஒதுக்கிவிடும். வயதானவர்களுக்கும், ஊன்றுகோல் வைத்து நடப்பவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடை பழகுபவர்களுக்கும் எண் குறைவாகவே வரும். அவர்களிடம் "ஏன் இவ்வளவுதான் நடந்தீர்கள்" என்று வாட்சைக் காட்டிக் கேட்காதீர்கள். அவர்களுக்கு அடிகளைவிட நிமிடக் கணக்கு நியாயமானது.

மூன்றாவது, செட்டிங்ஸ். எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள், அது அதிகம் புழங்கும் கையா என்று பல வாட்சுகள் கேட்கும். வாங்கிய அன்று அவசரத்தில் ஏதோ ஒன்றை அமுக்கியிருப்போம், அதைத் திருத்துங்கள். பட்டை ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் போதும், வளையல் மாதிரி உருண்டால் எண்ணிக்கை கெடும்.

இடுப்பில் மாட்டும் பழைய ஸ்ப்ரிங் வகை பெடோமீட்டராக இருந்தால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது நேராக நிற்கிறதா? உள்ளே இருக்கும் சின்ன நெம்பு மேலும் கீழும் ஆடினால்தான் எண்ணும். தொப்பையின் சரிவில் சாய்ந்து கிடந்தால் எண்ணாது. இடுப்பின் பக்கவாட்டுக்கு, முழங்காலுக்கு நேர் மேலே நகர்த்துங்கள்.

அறிகுறி: போனில் எண் நின்றுபோய்விட்டது, அல்லது பூஜ்யம்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, போன் எங்கே இருந்தது? மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன் உங்கள் நடையை எண்ணாது. சிரிக்க வேண்டாம், இந்த அறிகுறியோடு வருபவர்களில் நிறையப் பேருக்கு விடை இதுதான்.

போன் கூடவே இருந்தும் நின்றுபோனால் பெர்மிஷனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10-இல் இருந்து, ஸ்டெப் எண்ணும் ஆப் "உடல் செயல்பாடு" என்ற அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதை மறுத்திருந்தால் ஆப் திறக்கும், அழகாக வட்டம் காட்டும், ஒரு அடிகூட ஏறாது. ஐபோனில் இதே விஷயம் பிரைவசி செட்டிங்ஸில் "மோஷன் அண்டு ஃபிட்னஸ்" என்ற பெயரில் இருக்கும்.

அனுமதியும் இருக்கிறது, ஆனால் ஆப்பைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும் எண்ணுகிறது என்றால் பேட்டரி சேமிப்பின் வேலை. பின்னணியில் ஓடும் ஆப்பைப் போன் தூங்க வைத்துவிடுகிறது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று: ஆண்ட்ராய்டில் ஸ்டெப் சென்சார் வைத்திருக்கும் கணக்கு, போனைக் கடைசியாக ஆன் செய்ததிலிருந்து தொடங்கும். ரீஸ்டார்ட் ஆனால் சென்சார் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். நன்றாக எழுதப்பட்ட ஆப் முந்தைய எண்ணைச் சேமித்து வைத்துக் கூட்டிக்கொள்ளும், மட்டமான ஆப் தொலைத்துவிடும். ரீஸ்டார்ட் செய்கிற நாளெல்லாம் எண் விழுகிறது என்றால் ஆப்பை மாற்றுங்கள், போனைத் திட்டாதீர்கள்.

அறிகுறி: உட்கார்ந்தே இருந்தேன், ஆயிரம் ஏறியிருக்கிறது

கை தட்டினால், துணி துவைத்தால், தாளம் போட்டால், கரடுமுரடான சாலையில் வண்டியில் போனால் ஏறும். தினமும் ஒரே மாதிரி வண்டியில் போகிறவர் என்றால் விட்டுவிடுங்கள், எல்லா நாளும் அதே அளவு பிழைதான், ஒப்பிடுவதற்குத் தடை இல்லை. எண் திடீரென்று இரண்டு மடங்காகத் தெரிந்தால் மட்டும் கவனியுங்கள். வாட்சும் போனும் தனித்தனியாக எண்ணி, இரண்டையும் ஒரே ஆப் கூட்டிக்கொண்டிருக்கும். ஆப்பில் "தரவு மூலம்" என்ற இடத்துக்குப் போய் ஒன்றை மட்டும் முதன்மையாக வையுங்கள்.

அறிகுறி: அடி சரி, தூரம் தப்பு

அடியின் நீளத்தைக் கருவி உங்கள் உயரத்தை வைத்து ஊகிக்கிறது, ஏறக்குறைய உயரத்தில் 0.41 பங்கு என்ற கணக்கில். 160 செ.மீ உயரம் உள்ளவருக்கு 66 செ.மீ. உங்கள் நடை இந்த வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்பட்டதில்லை. நூறு அடி நடந்த தூரத்தை டேப்பால் அளந்து நூறால் வகுத்து, வருவதை ஆப்பில் போடுங்கள். 68 மீட்டர் வந்தால் 0.68. அப்போது 7,000 அடி என்பது சுமார் 4.8 கி.மீ.

மைல் என்ற அளவே இப்படிப் பிறந்ததுதான். ரோமானியர்கள் ஆயிரம் எட்டை ஒரு மைல் என்றார்கள். ஆனால் அவர்கள் ஒரே கால் மறுபடி தரையில் படுவதை ஒரு எட்டு என்று எண்ணினார்கள், நம் கணக்கில் அது இரண்டு அடி. நீங்கள் எண்ணியது ஸ்டெப் கவுண்டர் காட்டுவதில் சரியாகப் பாதிதான் வருகிறது என்றால், நீங்களும் ஒரு காலை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கலோரி எண்ணைப் பற்றி ஒரே வரி: அது ஊகத்தின் மேல் கட்டிய ஊகம், அதை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள்.

அறிகுறி: கருவி சரி, ஆனால் நாள் முழுக்க மூவாயிரம்தான்

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஆப்பில் நாள் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். மணிவாரி வரைபடத்தைத் திறங்கள். ஒரு வாரத்தை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். என்னுடையதை முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது பல்லுப்போன சீப்பு மாதிரி இருந்தது. காலை எட்டுக்கு ஒரு கோடு, மதியம் ஒன்றுக்கு ஒரு குட்டிக் கோடு, மாலை ஆறரைக்கு ஒன்று. நடுவில் ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை வெள்ளை. அந்த மூன்றே கால் மணிநேரத்தில் 40 அடி. அதில் 22 தண்ணீர் எடுக்கப் போனது என்று நினைக்கிறேன். "நேரமே இல்லை" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். வரைபடம் வேறு சொன்னது: எழுந்திருக்கக் காரணமே இல்லை.

சரி, இப்போது ஒரு கணக்கு. சாதாரணமாகச் சுறுசுறுப்பான நடை நிமிடத்துக்கு 100 அடி. பத்து நிமிடம் ஆயிரம். மூவாயிரத்தை ஐயாயிரத்து ஐந்நூறாக்க 25 நிமிடம் தேவை, அதை ஒரேயடியாக நடக்க வேண்டியதும் இல்லை. உலக சுகாதார அமைப்பு முன்பு, உடற்பயிற்சி என்றால் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றது. 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. இரண்டு நிமிடம் நடந்தாலும் கணக்கு உண்டு.

அந்த 25 நிமிடத்தை எங்கே வைப்பது? "தினமும் நடக்க வேண்டும்" என்ற தீர்மானம் நாளில் எங்கேயும் ஒட்டாது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் கட்டினால்தான் ஒட்டும். வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அப்படி என்ன நடக்கிறது என்று தேடுங்கள்.

போன் பேசுவது முதல் வேட்டை. காதில் போனை வைத்தால் எழுந்து நில் என்று ஒரே ஒரு விதி. எழுந்து நின்றவர் தானாக நடக்க ஆரம்பித்துவிடுவார், அதற்கு இன்னொரு விதி வேண்டாம். எட்டு நிமிட அழைப்பில், குறுகலான இடத்தில் மெதுவாக நடந்தாலும் ஐந்நூறு அடி வரும். திரையைப் பார்க்க வேண்டிய மீட்டிங்கில் இது நடக்காது, கேட்க மட்டும் வேண்டியதில் நடக்கும்.

அடுத்தது, சௌகரியங்களைக் கொஞ்சம் கெடுப்பது. ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் பதிலாக ஒரு டம்ளர் வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஆறு தடவை எழுந்தே ஆக வேண்டும். குப்பைக்கூடை, பிரின்டர், சார்ஜர் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அவற்றைத் தள்ளி வையுங்கள். வேறு மாடியில் இருக்கும் கழிப்பறையைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்தாமல் கடைசியில் நிறுத்துங்கள், அங்கே எப்போதும் இடமும் இருக்கும். பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கச் சொல்வது எல்லோரும் சொல்லும் யோசனைதான். என் அனுபவத்தில் திரும்பி வரும்போது இறங்குவதுதான் நிலைக்கிறது, போகும்போது நேரமாகிவிட்டது என்ற சாக்கு எப்போதும் தயாராக இருக்கும்.

காத்திருக்கும் நேரம் மூன்றாவது. தண்ணீர் கொதிக்க, கம்ப்யூட்டர் அப்டேட் முடிய, பிள்ளை வகுப்பிலிருந்து வெளியே வர. நின்றுகொண்டே போனை நோண்டும் இந்த நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். பல் தேய்ப்பதற்கு இரண்டு நிமிடம் என்றால் காலையும் இரவும் சேர்த்து நாலு, அறைக்குள் நடந்தபடி தேய்த்தால் முந்நூறு அடி தேறும். நுரையைச் சிந்தாமல் நடக்கப் பழக ஒரு வாரம் ஆகும்.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் லாபம் இரட்டை. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால், அவை அந்தச் சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன, ஏற்றம் மட்டுப்படும். வேகமாக நடக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் இதை வழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்றைப் பிடியுங்கள். ஒரு வாரம் கழித்து மணிவாரி வரைபடத்தில் அந்த வெள்ளை இடத்தில் ஒரு கோடு முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். முளைத்திருந்தால் அது வேர் பிடித்துவிட்டது, அடுத்ததுக்குப் போகலாம். முளைக்கவில்லை என்றால் யோசனை உங்கள் நாளுக்குப் பொருந்தவில்லை, வேறொன்றை எடுங்கள்.

வெறும் எண்ணைப் பார்ப்பதால் நடை கூடுமா என்று கேட்பவர்களுக்கு: 2007-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரையில், பெடோமீட்டர் கொடுக்கப்பட்டவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 2,500 அடி கூடுதலாக நடந்தது தெரிந்தது. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டார்கெட் ஒன்றை வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் நடை கூடியது. கருவியை மாட்டிக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை.

அறிகுறி: பத்தாயிரம் என்று வைத்தேன், தினமும் தோல்வி

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது 1964-இல். அந்தச் சூட்டோடு, 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் ஒரு பெடோமீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் "மான்போ-கே". பொருள், பத்தாயிரம் அடி அளவி. உருண்டையான, மனதில் நிற்கும் எண், விளம்பரத்துக்கு அம்சமாக அமைந்தது. எந்த ஆராய்ச்சியும் அதற்கு முன்னால் "ஒன்பதாயிரம் போதாது" என்று நிரூபித்துவிடவில்லை.

பிறகு வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2019-இல், சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 வரை அது குறைந்துகொண்டே போய், அதற்கு மேல் ஏறக்குறைய சமமாகிவிட்டது. 2022-இல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 6,000 முதல் 8,000 வரையிலும், அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் பயன் சமநிலைக்கு வந்தது. இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள். உடல் நலமாக இருப்பவர் இயல்பாகவே கூடுதலாக நடப்பார் என்பதையும் சேர்த்தே இவற்றைப் படிக்க வேண்டும். ஆனாலும் எல்லாவற்றிலும் ஒரே வடிவம்: கீழே இருந்து ஏறும் முதல் இரண்டாயிரம் அடிக்குத்தான் அதிகப் பலன். மூவாயிரத்தில் இருப்பவர் ஐயாயிரத்துக்கு வருவது, ஒன்பதாயிரத்தில் இருப்பவர் பதினொன்றாயிரத்துக்குப் போவதைவிடப் பெரிய காரியம்.

அதனால் டார்கெட்டை இப்படி வையுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் விடுங்கள், நல்ல பெயர் வாங்குவதற்காக நடக்காதீர்கள். ஏழு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். சராசரி வேண்டாம், கல்யாணத்துக்கு அலைந்த ஒரே ஒரு நாள் அதை வீங்க வைத்துவிடும். உதாரணமாக 2,600, 2,900, 3,100, 3,200, 3,800, 4,000, 9,400 என்றால் நடு எண் 3,200. சராசரி 4,143, ஏழில் ஆறு நாள் அதை எட்டவே இல்லை. 3,200-உடன் 700 அல்லது 800 கூட்டி 4,000 என்று வையுங்கள். இரண்டு வாரத்தில் பத்து நாளாவது தொட்டால் இன்னும் 700 ஏற்றுங்கள். தொடவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். ஆப் தானாக 10,000 என்று போட்டு வைத்திருக்கும், அதைப் போய் மாற்றுங்கள்.

அறிகுறி: இரண்டு வாரம் ஜோராகப் போனது, அப்புறம் நின்றது

புதுக்கருவி மோகம் இரண்டு வாரம்தான். அதற்குள் ஏதாவது ஒரு நடை நாளோடு ஒட்டிக்கொள்ளவில்லை என்றால் நிற்கும். மேலே சொன்ன வாலில் கட்டும் வேலைக்குத் திரும்பிப் போங்கள்.

வேறு சிலருக்கு நிற்பதற்குக் காரணம் தொடர் நாள் கணக்கு. 19 நாள் விடாமல் தொட்டாயிற்று, இருபதாம் நாள் காய்ச்சல், தொடர் அறுந்தது, "இனி என்ன" என்று கருவியே டிராயருக்குள் போய்விடும். இவர்களுக்கு நான் சொல்வது இரண்டு எண்: ஒன்று டார்கெட், இன்னொன்று மழையோ காய்ச்சலோ வேலை நெருக்கடியோ எதுவந்தாலும் தொட்டுவிடக்கூடிய அடிமட்டம், 2,000 மாதிரி. அடிமட்டத்தைத் தொட்ட நாளும் வெற்றி நாள்தான். ஆப்பின் தொடர் கணக்கை முடிந்தால் அணைத்துவிட்டு வாரத்தின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். 35,000 என்று வைத்தால் செவ்வாய் விட்டதை வியாழன் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை, நடையே அலுத்துப்போனவர்கள். முன்பு ரசித்து நடந்த மாலை நடை இப்போது எண்ணுக்கான கூலி வேலையாகிவிட்டது. இது கற்பனை இல்லை. 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அளந்துகொண்டே நடந்தவர்கள் கூடுதலாக நடந்தார்கள், ஆனால் நடையை முன்பளவு ரசிக்கவில்லை. பிடித்த நடைக்குப் போகும்போது வாட்சைக் கழற்றி வைத்துவிடுங்கள். கருவி வேலை செய்ய வேண்டியது அந்த வெள்ளை மணிநேரங்களில்.

அறிகுறி: தினமும் இரவு பத்துக்குக் கூடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்

என்றாவது ஒரு நாள் என்றால் தவறில்லை. வாரத்தில் நாலு நாள் என்றால் பகல் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை மட்டும் எண்ணைப் பார்க்கும் வழக்கம் வையுங்கள். டார்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அப்போதே பத்து நிமிடம். மீதி ஆயிரத்துக்காகத் தூக்கத்தை வெட்டுவது நஷ்டக் கணக்கு, விட்டுவிட்டுப் படுங்கள்.

அறிகுறி: எட்டாயிரம் வருகிறது, உடம்பில் எதுவும் மாறவில்லை

எண் எவ்வளவு என்பதோடு எப்படி வந்தது என்பதும் உண்டு. மிதிவண்டியும் நீச்சலும் செய்த நாளில் ஸ்டெப் ஏறாது, உடம்பு உழைத்திருக்கும். அதேபோல் நாள் முழுக்க ஊர்ந்து சேர்த்த எட்டாயிரமும், அதில் மூவாயிரம் விறுவிறுவென்று வந்த எட்டாயிரமும் நெஞ்சுக்கு ஒன்றில்லை. 15 வினாடிக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100, அதுதான் பெரும்பாலான பெரியவர்களுக்கு மிதமான உழைப்பின் தொடக்கம். எண்ணச் சோம்பலாக இருந்தால் பேசிப் பாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு இப்படி 150 நிமிடமாவது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது, அதை நடை ஈடுகட்டாது.

எடை குறையவில்லை என்பது குறையாக இருந்தால், அதற்கான பதில் கால்களில் இல்லை, பெரும்பாலும் தட்டில்தான்.

அறிகுறி: வலி

மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக இன்னும் அதிக நாள் ஆகும். மூவாயிரத்திலிருந்து ஒரே வாரத்தில் பத்தாயிரத்துக்குத் தாவுகிறவர்களுக்கு வரும் வலி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் உள்ளங்காலின் தசைநார்த் தட்டு புண்பட்டிருக்கலாம். முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரமாக நெடுக வலித்தால் சடாரென்று கூட்டியதன் பலன். இரண்டுக்கும் டார்கெட்டைப் பாதியாக்கி, காலணியைப் பாருங்கள். வெளிப்பக்கக் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா? காலணியை இரு கையாலும் பிடித்து முறுக்கினால் துணி மாதிரி முறுக்கிக்கொள்கிறதா? ஓட்டக் காலணிக்கு 500 முதல் 800 கி.மீ என்று பொதுவாக ஆயுள் சொல்வார்கள். நாளுக்கு ஐந்து கி.மீ நடப்பவர் ஐந்தரை மாதத்தில் அந்த 800-ஐத் தொட்டுவிடுவார்.

கூடுதல் நடையில் நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டு, மறுபடி நடந்தால் பிடித்தால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கக்கூடும், அதையும் காட்ட வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் நடந்து வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கொப்புளம் வலிக்காமலே வரும்.

அறிகுறி: சார்ஜ் தீர்ந்துவிட்டது, இன்றைய நடை கணக்கில் இல்லை

கடிகாரம் பார்த்து நடந்த நிமிடத்தை நூறால் பெருக்கினால் தோராயமான எண் கிடைத்துவிடும், ஆப் அனுமதித்தால் அதைக் கையால் ஏற்றலாம். எத்தனை நிமிடம் என்றும் தெரியாவிட்டால் அந்த நாளைக் காலியாக விட்டுவிட்டு, வாரக் கணக்குப் பார்க்கும்போது ஏழால் வகுப்பதற்குப் பதில் ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள்.